எந்த வலி யாருக்குச் சேர்கிறது? காலனியத் தலங்களும் வழிவழி நினைவும்

கானாவின் கடற்கரையில் நிற்கும் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகள் 1990களில் பழுதுபார்க்கப்பட்டுப் புதுச் சுண்ணாம்பு பூசப்பட்டபோது ஒரு சர்ச்சை எழுந்தது. எல்மினாவைப் போர்த்துகீசியர் 1482இல் தங்க வணிகத்துக்காகக் கட்டினர்; 1637இல் அது டச்சுக்காரர்களிடமும் 1872இல் ஆங்கிலேயர்களிடமும் கைமாறியது. இடைப்பட்ட காலத்தில் அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனிதர்களை அடைத்துவைக்கும் கிடங்காக அது மாறியிருந்தது. இரு கோட்டைகளிலும் ஆண்களும் பெண்களும் தனித்தனி நிலவறைகளில், கப்பல் வரும்வரை வாரக்கணக்கிலும் சில வேளைகளில் மாதக்கணக்கிலும் கிடந்தனர். கேப் கோஸ்டில் ஆண்களின் நிலவறைக்கு மேலேயே ஆங்கிலேயரின் வழிபாட்டுக்கூடம் இருந்தது. இத்தகைய சுவர்களுக்கு வெள்ளை பூசினால் வரலாறே பூசி மறைக்கப்படும் என்று, அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் பலர், குறிப்பாகக் கானாவில் குடியேறி வாழ்ந்தவர்கள், கடுமையாக எதிர்த்தனர். உப்புக் காற்றிலிருந்து கட்டடத்தைக் காக்கச் சுண்ணாம்பு பூசுவது வழக்கமான பராமரிப்புதானே என்பது பணியில் ஈடுபட்டவர்களின் பதில். இரு தரப்பும் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் பேசியது ஒரே கட்டடத்தைப் பற்றி அல்ல.

அந்த ஆண்டுகளில் அங்கே களப்பணி செய்த மானிடவியலாளர் எட்வர்ட் புரூனர் இதைத் தெளிவாகப் பதிவுசெய்திருக்கிறார். கடல் கடந்து வந்தவர்களுக்கு எல்மினா என்றால் நிலவறை மட்டுமே. கொண்டுபோகப்பட்ட முன்னோர் தாய்மண்ணில் கடைசியாகக் கால்பதித்த இடம் அது. கானாவைச் சேர்ந்த பலரின், அதிலும் அசாந்தி மக்களின், கவனமோ மேல்தளத்தில் உள்ள ஓர் அறையின் மீது இருந்தது. ஆங்கிலேயரால் 1896இல் சிறைபிடிக்கப்பட்ட அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பே, சியரா லியோனுக்கும் பிறகு செஷல்ஸ் தீவுகளுக்கும் நாடுகடத்தப்படும் முன் வைக்கப்பட்டிருந்த அறை அது. எல்மினா ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோட்டை பிற்காலத்தில் காவலர் பயிற்சிப் பள்ளியாகவும் இருந்த, தெருமுனையில் நின்றால் தெரிகிற ஒரு கட்டடம். இவற்றுள் எது அந்தத் தலத்தின் ‘உண்மையான’ நினைவு?

இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல், வழிவழியாக வரும் மனக்காயத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். அத்தகைய காயத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும், வலி எங்கோ ஆழத்தில் முழுமையாக உறைந்திருப்பதாகவும், வாரிசு ஒருவர் அந்த இடத்தில் கால்வைத்ததும் அது விழித்தெழுவதாகவும் கருதிக்கொள்கின்றன. எல்மினாவில் நடந்தது அப்படியில்லை. அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே ஒரு கதையோடு வந்தார்கள். தலம் அந்தக் கதைக்கு இடம் கொடுத்தது, அல்லது மறுத்தது.

மனக்காயம் தலைமுறை தாண்டும் என்ற கருத்து மருத்துவத் துறையிலிருந்து வந்தது. நாஜிகளின் வதைமுகாம்களில் உயிர்பிழைத்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத கொடுமையின் அடையாளங்களோடு சிகிச்சைக்கு வருவதை 1966இல் கனடிய உளவியல் மருத்துவர் விவியன் ராகோஃப் எழுத்தில் கொண்டுவந்தார். அமெரிக்கப் பழங்குடி லகோட்டா இனத்தைச் சேர்ந்த சமூகப்பணியாளரும் ஆய்வாளருமான மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட், 1890இல் வூண்டட் நீ என்னும் இடத்தில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலையையும் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளையும் ஒரே தொடராகப் பார்த்து, ஓர் இனமே சுமக்கும் ‘வரலாற்றுக் காயம்’ என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். துக்கம் கொண்டாட உரிமை மறுக்கப்பட்டதே அந்தக் காயம் ஆறாததற்கு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். அமெரிக்க அரசு பழங்குடிகளின் சடங்குகளைப் பல ஆண்டுகள் தடைசெய்திருந்தது என்பதை நினைத்தால் இந்த வாதத்தின் வலு புரியும்.

பிறகு உயிரியல் வந்தது. அதோடு மிகையும் வந்தது. மரபணு எழுத்துகளை மாற்றாமல், எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் வேதிக்குறிகளை ஆராயும் துறை எபிஜெனெடிக்ஸ். ஒரு வாசனையையும் மின்னதிர்ச்சியையும் இணைத்துப் பழக்கப்பட்ட எலிகளின் குட்டிகளும் பேரக்குட்டிகளும் அதே வாசனைக்குக் கூடுதலாகத் திடுக்கிட்டதாக 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. ரேச்சல் யெஹுதாவின் குழு, வதைமுகாம் வாழ்விலிருந்து மீண்ட 32 பேரையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 22 பேரையும் ஆராய்ந்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் இரு தலைமுறையிலும் மாற்றங்கள் இருப்பதைக் காட்டியது. செய்தித்தாள்கள் இதை ‘வலி இரத்தத்தில் வருகிறது’ என்று எழுதிவிட்டன. ஆனால் 22 பேரை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? ஒடிந்துபோன பெற்றோரிடம் வளர்ந்ததன் விளைவையும், பிறப்பிலேயே வந்ததையும் அந்த ஆய்வால் பிரித்துக்காட்ட இயலவில்லை. தவிர, கருவுற்ற பெண் பட்டினி கிடக்கும்போது அவளும் வயிற்றிலுள்ள சிசுவும் மட்டுமல்ல, அந்தச் சிசுவுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் இனப்பெருக்க அணுக்களும் அதே பட்டினியை நேரடியாக அனுபவிக்கின்றன. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களிடம் பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகும் காணப்பட்ட உடல் மாற்றங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இதை மரபுவழிக் கடத்தல் என்று சொல்வதைவிட நேரடிப் பாதிப்பு என்பதே சரி. தாய்வழியில் பார்த்தால், பஞ்சத்தைத் தொடாத கொள்ளுப்பேத்தியிடம் அதன் குறி தெரிந்தால்தான் மரபுவழிக் கடத்தல் என்று உறுதியாகப் பேசலாம். இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போதும் கரு வளரத் தொடங்கும்போதும் இத்தகைய குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. மனிதரில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கொடுமையொன்று இந்த வழியில் வந்து சேர்ந்தது என்று சொல்ல இன்று ஆதாரமில்லை.

இதனால் வலி பொய்யாகிவிடாது. அது வரும் வழி வேறு என்பதே பொருள். வீட்டுக்குள் பேசப்படாமல் விடப்பட்டவை, காரணம் சொல்லப்படாத எச்சரிக்கைகள், சட்டென்று நின்றுவிடும் குடும்பக் கதைகள் ஆகியவை ஒரு வழி. எதைப் பேசக் கூடாது என்பதைப் பிள்ளைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அசாந்தி மரபில் ஒருவரின் பூர்வீகத்தைப் பொதுவில் வெளிப்படுத்தக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு உண்டு. அடிமையாக வந்து குடும்பத்தில் சேர்ந்தவரின் வழித்தோன்றலைக் காக்க அது உதவியது, அதே வேளையில் அந்தக் கடந்தகாலத்தைப் பற்றிய பேச்சையே அடைத்தும் வைத்தது. இன்னொரு வழி, முன்னோர் வாழ்ந்த நிலைமையே மாறாமல் தொடர்வது. நிலமற்றவரின் பேரன் நிலமற்றவனாகவே இருக்கும்போது அவனுடைய துயரத்துக்கு மரபணு விளக்கம் எதற்கு?

இந்த இரண்டு வழிகளோடு மூன்றாவதாக மரபுரிமைத் தலத்தையும் சேர்க்க வேண்டும். தலம் காயத்தைச் சேமித்துவைக்கும் பெட்டகம் மட்டுமல்ல. எந்த வலியை, எந்த வடிவத்தில், யாருடையதாக ஏற்றுக்கொள்வது என்பதை வருபவருக்குக் கற்பிக்கும் இடமும் அதுவே. ஆகவே அங்கே பூசப்படும் சுண்ணாம்பும் வழிகாட்டி சொல்லும் எண்ணிக்கையும் பூட்டிவைக்கப்படும் அறையும் அடுத்த தலைமுறை எதைப் பெறும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

செனகல் நாட்டின் கோரே தீவிலுள்ள ‘அடிமைகளின் இல்லம்’ இதற்கு மிகக் கூர்மையான சான்று. 1776ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்த இளஞ்சிவப்பு வீட்டைப் பல பதிற்றாண்டுகள் காத்துவந்த ஜோசப் இந்தியாய், கடலை நோக்கித் திறக்கும் அதன் பின்வாசலின் வழியே இலட்சக்கணக்கான அடிமைகள் கப்பலேற்றப்பட்டதாக, கையில் விலங்கை ஏந்தியபடி, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தார். 1992இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அங்கே நின்று மன்னிப்பு வேண்டினார். அமெரிக்க அதிபர்கள் வந்தனர். 1990களில் வரலாற்றாய்வாளர்கள் சிலர் இதை மறுத்தார்கள். அது ஒரு வணிகக் குடும்பத்தின் வீடு, அங்கிருந்த அடிமைகள் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர்கள், பாறைகள் நிறைந்த அந்தக் கரையில் படகு அணைவதே கடினம், கோரே வழியாகச் சென்றவர்களின் எண்ணிக்கையும் மற்றத் துறைமுகங்களோடு ஒப்பிட்டால் குறைவு என்பது அவர்கள் வாதம். செனகலில் பெருங்கோபம் எழுந்தது. அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டதைக் கப்பல் ஆவணங்களைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. அவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. கோரே அந்த வாசலைத் தந்தது. வருபவர் அழுவதற்கு ஓர் இடம் கிடைத்ததை நான் குறைகூற மாட்டேன். ஆனால் தவறான எண்ணிக்கையின் மேல் கட்டப்பட்ட அஞ்சலி, அடிமை வணிகத்தையே சந்தேகிக்க விரும்புவோருக்கு இலவசமாக ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த வீடு ஓர் அடையாளச் சின்னம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலே போதும், அழுகை குறைந்திருக்காது.

ஆவணம் உள்ள நினைவுக்கும் ஆவணம் இல்லாத நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை மொரீஷியஸில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டிய ஆப்பிரவாசி காட், 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து வந்த ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் இறங்கிய இடம். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழர்களும் அவர்களுள் உண்டு. அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆளெடுக்க ஆங்கிலேயர் வகுத்த இந்த ஏற்பாடு, பிறகு மற்றக் காலனிகளுக்கும் பரவியது. கட்டடங்களில் ஒரு சிறு பகுதியும், வந்தவர்கள் ஏறிய பதினாறு படிகளும் எஞ்சியிருக்கின்றன. யுனெஸ்கோ 2006இல் இதை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், வயது, சாதி, ஊர், உடலடையாளம் எல்லாவற்றையும் காலனிய அரசு எழுதிவைத்தது. பின்னாளில் ஒளிப்படமும் எடுத்தது. தப்பியோடினால் பிடிப்பதற்காகச் சேகரிக்கப்பட்ட அந்தப் பேரேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. இன்று கொள்ளுப்பேரர்கள் தங்கள் முன்னோரின் ஊரைக் கண்டுபிடிப்பது அவற்றைக்கொண்டுதான்.

அதே தீவின் தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலை நிற்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி முதல் நாள் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று எண்ணிப் பாறையிலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்பது அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் வாய்மொழி மரபு. இந்த நிகழ்வுக்குக் காகித ஆதாரம் இல்லை. ஒளிந்து வாழ்ந்தவர்கள் பேரேட்டில் எப்படி இருப்பார்கள்? வாய்மொழி மரபையும் கணக்கிலெடுத்து 2008இல் யுனெஸ்கோ அந்த மலைக்கு அங்கீகாரம் அளித்தது நியாயம் என்றே தோன்றுகிறது. கோரேயில் பிழையாகத் தெரிவது லெ மோர்னில் ஏன் நியாயமாகிறது என்று கேட்கலாம். மலையைப் பற்றி மக்கள் சொல்லிவந்தது மரபாகவே முன்வைக்கப்படுகிறது. கோரேயில் மரபு புள்ளிவிவரமாக முன்வைக்கப்பட்டது.

இனி, தேர்ந்தெடுக்கப்படாத வலிகள். அந்தமானில் 1896க்கும் 1906க்கும் இடையே ஏழு கிளைக் கட்டடங்களோடு கட்டப்பட்டு இன்று மூன்று மட்டும் எஞ்சியிருக்கும் சிற்றறைச் சிறை (செல்லுலார் சிறை), விடுதலைப் போராளிகளின் தியாகத் தலமாக நாட்டுக்கு அறிமுகமானது; அந்தத் தியாகம் உண்மையானது. ஆனால் 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் கைதிகள். அவர்களும் விடுதலையானவர்களும் காடு வெட்டிக் கட்டிய ஊர்களில் இன்று வாழும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஒலி-ஒளிக் காட்சியில் குரல் கிடையாது என்றே சொல்லலாம். குடியேற்றம் வந்தபோது சில ஆயிரம் பேராக இருந்த பெரும் அந்தமானியப் பழங்குடியினர் நோயாலும் மோதலாலும் அழிந்து, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்தனர். அந்தத் தீவுகளில் காலனியம் செய்த மிகப் பெரிய அழிவு இதுதான். அதற்கென்று பயணிகள் வரிசையில் நிற்கும் தலம் இல்லை.

நமீபியாவின் லூடரிட்ஸ் நகரை ஒட்டிய ஷார்க் தீவில் 1905 முதல் 1907 வரை ஜெர்மானியர் நடத்திய முகாமில் ஹெரேரோ, நாமா மக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். பெரும் எண்ணிக்கையில் இறந்தனர். நாமா தலைவர்களுள் ஒருவரான கொர்னேலியஸ் ஃபிரெடரிக்ஸ் அங்கேதான் மாண்டார். அந்த இடம் பிறகு சுற்றுலாப் பயணிகள் கூடாரமடித்துத் தங்கும் முகாமிடமாயிற்று. ஃபிரெடரிக்ஸின் நினைவுக்கல் இருக்கும் அதே நிலத்துண்டில், அந்த நகருக்குப் பெயர் தந்த ஜெர்மானிய வணிகருக்கும் நினைவுச் சின்னம் உண்டு. ஜெர்மனி 2021இல் நடந்ததை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக அறிவித்தபோது, பேச்சுவார்த்தையில் தங்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று ஹெரேரோ, நாமா அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

நினைவை மதிக்கிறோம் என்று சொல்லியே அதைக் கெடுக்கவும் முடியும். அமிர்தசரஸின் ஜாலியன் வாலாபாகில் 1919 ஏப்ரல் 13 அன்று 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்தனர். ஓட வழியில்லாமல் போனதற்குக் காரணமான அந்தக் குறுகிய நுழைவுச் சந்துதான் அங்கே எல்லாவற்றையும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. 2021 புதுப்பிப்பில் அந்தச் சந்தின் சுவர்களில் மனித உருவச் சிற்பங்களைப் பதித்தார்கள். வரலாற்றாய்வாளர்களும் பலியானோரின் குடும்பத்தினர் சிலரும் கண்டித்தனர். நெருக்கத்தின் அச்சத்தை உடலால் உணரவைத்த ஓரிடத்தை, கண்ணால் பார்த்துக்கொண்டே கடக்கும் காட்சியறையாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை என்னால் மறுக்க முடியவில்லை.

அப்படியானால் எதையும் தொடாமல் வைத்திருப்பதுதான் சரியா? அதுவும் இல்லை என்பதைக் கனடா காட்டுகிறது. பழங்குடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிரித்து, மொழியையும் வழக்கங்களையும் மறக்கடித்த உறைவிடப் பள்ளிகளில் அங்கே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் பயின்றனர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் அலர்ட் பே என்னும் சிற்றூரில் புனித மைக்கேல் பள்ளிக் கட்டடம் மூடப்பட்டபின் பல பதிற்றாண்டுகள் ஊரின் நடுவே நின்றது. அங்கே படித்தவர்கள் தினமும் அதைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. 2015 பிப்ரவரியில் அவர்கள் கூடி, சடங்கு செய்து, அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஒன்டாரியோவின் பிராண்ட்ஃபர்டில் 1970வரை இயங்கிய மொஹாக் பள்ளியின் கூரை 2013இல் பழுதானபோது, இடிப்பதா காப்பதா என்று அந்தச் சமூகத்திடமே கேட்கப்பட்டது; மிகப் பெரும்பாலோர் காக்கச் சொன்னார்கள். பின்னாளில் யாரும் இது நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ‘சான்றைக் காப்போம்’ என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். ஒரே கொடுமைக்கு எதிரெதிரான இரண்டு முடிவுகள். இரண்டையும் எடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. மரபுரிமை நிபுணர்கள் ‘கட்டடத்தின் அசல் தன்மை’ என்று பேசும் அளவுகோலில் அலர்ட் பேயின் முடிவு இழப்பாகத் தெரியும். அந்த அளவுகோல் யாருடைய உடலில் அச்சம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளெல்லாம் தமிழருக்கு மிக அருகில் வந்து நிற்கும் இடம் இலங்கையின் மலையகம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், கங்காணிகளின் கீழ், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். வழியில் காலராவாலும் பசியாலும் இறந்தவர்களுக்குக் கல்லறைகள் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவெடுத்தபோது, குடும்பங்கள் நடுவில் பிளந்தன. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003 சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. வருகையின் இருநூறாம் ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றார்கள். தலம் என்று ஒன்று இல்லாதபோது பாதையையே நினைவிடமாக்கும் முயற்சி அது.

மலையகத்தில் காலனிய மரபுரிமை என்று பயணிகளுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் துரைமார்களின் பங்களாக்கள். பழைய தளவாடங்களோடும் புல்வெளியோடும் அவை உயர்தர விடுதிகளாகியிருக்கின்றன. கம்பளைக்கு அருகே, தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைப் போன்ற அறைகளில் மற்றத் தோட்டங்களில் இன்னமும் குடும்பங்கள் வசிக்கின்றன. வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் கேட்கும் போராட்டம் முடியவில்லை. இவர்களுடைய துயரத்தை ‘வரலாற்றுக் காயம்’ என்று மட்டும் எழுதுவது ஆபத்தானது. நிகழ்காலத்தில் பொறுப்பேற்க வேண்டிய தோட்ட நிருவாகமும் அரசும் அந்தச் சொல்லின் பின்னால் வசதியாக மறைந்துகொள்ள முடியும். மலையகத்தில் இனி எழும் எந்த நினைவுத் தலமும், கங்காணியின் பிரம்பையும் பித்தளைத் தராசையும் கண்ணாடிப் பேழையில் வைப்பதோடு, நாள் சம்பளம் எவ்வளவு, லயன் யார் பெயரில் இருக்கிறது என்ற கணக்கையும் அதே சுவரில் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.